பத்து நாளை ஐந்தாக்கினால் எது குறையும்? மைக்ரோசாஃப்ட் புராஜெக்டின் மூன்று பணி வகைகள்

ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு தொழிலாளிக்குப் பத்து நாள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 மணி வீதம் 80 மணி நேர உழைப்பு. இதை வேலைத் திட்டங்களுக்கு அட்டவணை போடும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் பதிந்துவிட்டு, 10 நாளை 5 ஆக மாற்றிப் பாருங்கள்.

பணி வகை ‘ஃபிக்ஸட் யூனிட்ஸ்’, அதாவது ஆளின் வேலை அளவு மாறாத வகை, என்றால் (நாம் கைவைக்காதவரை அதுதான்) உழைப்பு சத்தமில்லாமல் 40 மணியாகிவிடும். பாதிச் சுவர் கணக்கிலிருந்தே போய்விட்டது! ‘ஃபிக்ஸட் வொர்க்’ என்றால் 80 மணி அப்படியே நிற்கும். தொழிலாளியின் வேலை அளவு (யூனிட்ஸ்) 200 சதவீதமாக ஏறும். அதாவது, அவர் நாளுக்கு 16 மணி நேரம் தூரிகை பிடிக்க வேண்டும். திட்டம் நடக்காது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. அதனால்தான் எனக்கு இந்த வகைமேல் நம்பிக்கை அதிகம்.

‘ஃபிக்ஸட் டியூரேஷன்’ பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நாளை நீங்கள் மாற்றலாம். அப்போது இதிலும் உழைப்புதான் 40 ஆகும். ஆளையோ உழைப்பையோ மாற்றும்போது மென்பொருள் தானாக நாளைத் தொடாது என்பதே அதன் பொருள். பயிற்சி வகுப்பு, கான்கிரீட்டுக்கு 7 நாள் தண்ணீர் கட்டுவது போன்றவற்றுக்கு இதுவே சரி. பத்துப் பேர் நின்று பார்த்தாலும் கான்கிரீட் சீக்கிரம் இறுகாது. ஆனால் அந்த 7 நாளை ‘எலாப்ஸ்ட்’ நாளாக, அதாவது விடுமுறையையும் சேர்த்து எண்ணும் நாளாகக் குறியுங்கள். இல்லையேல் சனி, ஞாயிறைத் தாண்டி குறைந்தது 9 நாளாக நீளும். சிமென்டுக்கு ஏது வார விடுமுறை?

இவற்றோடு, ஆள் கூடினாலும் மொத்த உழைப்பை மாற்றாமல் பிரித்துக்கொடுக்கும் ‘எஃபர்ட் டிரிவன்’ என்ற டிக் ஒன்றும் உண்டு. தொடக்கத்தில் நான் சறுக்கியது இங்கேதான். இரண்டாவது ஆளைச் சேர்த்தால் நாள் பாதியாகும் என்று நம்பினேன். டிக் போடவில்லை. நாள் பத்தாகவே நின்றது, உழைப்பு 160 மணியானது, கூலியும் இரட்டித்தது. டிக் இருந்திருந்தால் அதே 80 மணி இருவருக்கும் பிரிந்து, ஐந்து நாளில் முடிந்திருக்கும். ஃபிக்ஸட் வொர்க்கில் இந்த டிக் எப்போதும் உண்டு, எடுக்கவே முடியாது.

2010 பதிப்பில் வந்த ‘மேனுவல்’ அட்டவணை முறை வேறு ரகம். இதில் தேதியை நாமே கையால் இடுவோம்; அந்தப் பணிக்குக் குண்டூசிக் குறி விழும். முந்தைய பணி தள்ளிப்போனாலும் குண்டூசிக் குறியிட்ட பணி அசையாது. ஆரம்பத் திட்டம் வரைய வசதிதான். வேலை தொடங்கிய பிறகும் நான்கைந்து குண்டூசிகள் மிச்சமிருந்தால், திரையில் தெரியும் முடிவு தேதியை வைத்து வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.