‘ஐபிஎஸ்ஸுக்கு நிரந்தரத் தீர்வு’ பொடி: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

“ஒரே கோர்ஸில் ஐபிஎஸ் வேரோடு போகும், பக்கவிளைவே கிடையாது” என்று சொல்லி இணையத்தில் ஒரு மூலிகைப் பொடி விற்கிறார்கள். ஐபிஎஸ் (IBS) என்பது அடிக்கடி வயிற்றுவலியும் மலம் போவதில் சிக்கலும் தரும் குடல் கோளாறு. மலச்சிக்கலோடு கூடிய ஐபிஎஸ் எனக்குப் பல வருடங்களாக உண்டு. அந்தப் பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டுப் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

முதலில் ‘ஆலோசகர்’ ஒருவர் பேசுவார். மலத்தில் ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, ரத்தசோகை உண்டா, தைராய்டு பார்த்தாயிற்றா என்று என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதக் கோர்ஸா, மூன்று மாதக் கோர்ஸா என்பது மட்டும்தான் கேள்வி. பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் “பரம்பரை ரகசியம்” என்றார்.

ஆரம்பத்தில் பொடி நன்றாகவே வேலை செய்தது, வம்பே அதுதான். இரவு சாப்பிட்டால் காலையில் வயிறு காலி. ஆனால் அதற்கு முன் அடிவயிற்றை முறுக்கிப் பிழியும். சொன்னால், “தேங்கிய கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி” என்று குரல் பதிவு வரும். அப்புறம் பலன் குறைந்தது, அளவை இரட்டிப்பாக்கச் சொன்னார்கள். நிறுத்திப் பார்த்தால் நாள்கணக்கில் ஒன்றும் போகாது. மறுபடியும் பொடி.

கடைசியில் குடல் மருத்துவர் கொலோனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய குடல் சுவர் திரையில் சிறுத்தைத் தோல் மாதிரி கரும்பழுப்புத் திட்டுகளாகத் தெரிந்தது. “நிலாவாரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்றுதான் முதலில் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி உரித்தேன். அடியில் மிகச் சின்ன எழுத்தில் “காசியா அங்குஸ்டிஃபோலியா இலை” என்று இருந்தது. நிலாவாரையின் தாவரப் பெயர்தான்!

நிலாவாரை விஷம் இல்லை. மருந்துக் கடையில் சென்னா மாத்திரை என்று விற்பதும் அதுதான், மலச்சிக்கலுக்கு டாக்டர்களே எழுதித் தருவதுண்டு. குடலைத் தூண்டிச் சுருங்க வைக்கும், அவ்வளவுதான். ஐபிஎஸ்ஸில் வரும் வலியை அது தீர்க்காது, சிலருக்குக் கூட்டியும் விடும். அந்தக் கருமைக்கு மெலனோசிஸ் கோலை என்று பெயராம். ஆபத்தில்லை, இலையை விட்டால் சில மாதங்களில் மங்கிவிடும் என்றார் மருத்துவர். எனக்குக் கோபம் இலைமேல் இல்லை, ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தவர்கள்மேல்தான்.

ஐபிஎஸ்ஸை ஒரேயடியாக ஒழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. கட்டுக்குள் வைக்க வழி இருக்கிறது. இசப்கோலை (தண்ணீரில் கலந்து குடிக்கும் நார்ச்சத்து உமி) கொஞ்சமாக ஆரம்பித்து, தண்ணீர் நிறையக் குடித்து, மெல்ல அளவை ஏற்றச் சொன்னார். (நார்ச்சத்து என்று தவிட்டைத் தின்றால் பலருக்கு உப்புசம்தான் மிச்சம்.) அது போதாமல் போகவே லினாக்ளோடைடு என்ற மருந்தை எழுதினார். வெறும் வயிற்றில், முதல் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பு விழுங்க வேண்டும். மலத்தை இளக்குவதோடு வலியையும் குறைக்கும். வயிற்றுப்போக்கு வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் சீட்டு எழுதினார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “கோர்ஸை முடிக்காதது உங்கள் தவறு” என்று பதில் வந்தது, அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். இப்போது அதே டப்பாவும் அதே குரலும் ‘தொப்பை குறைக்கும் பொடி’ விளம்பரத்தில் வருகின்றன. ஏற்கெனவே வாங்கியவர்கள் டப்பாவைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.