சென்னை – நெல்லை காரில்: அதிகாலை மூன்றரைக்கு ஏன் கிளம்ப வேண்டும்

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? தூரம் ஏறத்தாழ 625 கிலோமீட்டர். அதிகாலை மூன்றரைக்குத் தாம்பரத்தைத் தாண்டினால் மதியச் சாப்பாடு நெல்லையில். காலை ஏழு மணிக்குத் தாண்டினால், அதுவும் விடுமுறை நாளாக இருந்தால், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஆச்சரியமில்லை. பொங்கல், கோடை விடுமுறை, ஊர்க் கோயில் கொடைவிழா என்று பல ஆண்டுகளாகக் குடும்பத்தோடு இந்தச் சாலையில் போய்வருகிறேன். வண்டி மாறியிருக்கிறது, சாலையின் எண்கூட மாறியிருக்கிறது. இந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை.

இரவு பத்து மணிக்குக் கிளம்பி விடியும்போது ஊர் போய்ச் சேர்வதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. பகல் முழுவதும் வேலை பார்த்த உடம்பு இரண்டு மணிக்கு மேல் பேச்சைக் கேட்காது. அந்த நேரத்தில் நீங்கள் பெரும்பாலும் பெரம்பலூருக்கும் மேலூருக்கும் நடுவில் எங்கோ இருப்பீர்கள். சாலை நேராக, காலியாக, இருட்டாக இருக்கும். கண் அயர்வதற்கு அதைவிடத் தோதான இடம் வேறு கிடையாது. மூன்றரைக்குக் கிளம்புவதாக இருந்தால் முந்தைய இரவு எட்டரைக்கே படுத்துவிட வேண்டும். பெட்டி கட்டும் வேலை அன்று மாலைக்குள் முடியவில்லை என்றால், பயணத்தையே ஒருநாள் தள்ளிப்போடுவேன். வீட்டில் இதற்காக வாங்கிய பேச்சுக்குக் கணக்கில்லை.

இந்தப் பயணத்தின் தலையெழுத்தே முதல் 60 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர், செங்கல்பட்டு. கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு தாம்பரத்துக்குள் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. நெரிசல் தெற்கே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சாலையை அகலப்படுத்தியும், பண்டிகைக்கு முந்தைய மாலையில் பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால் திரும்பி வீட்டுக்கே போய்விடலாம் என்று தோன்றும்.

ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் குடியிருப்பவர்கள் தாம்பரத்துக்கு வரவே வேண்டாம். கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்கு வந்து சேர்ந்துவிடலாம். பண்டிகைக் காலத்தில் காவல்துறையே கார்களை இந்த வழியில் திருப்பிவிடுவதுண்டு. மேற்கே பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரகடம், வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுக்கு வரும் சாலை இருக்கிறது. தொலைவு கூடும்தான். ஆனால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தைகளோடு போகும்போது நின்று நின்று போகும் ஒரு மணி நேரம், ஓடும் இரண்டு மணி நேரத்தைவிடக் கொடுமையானது.

செங்கல்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலம் ஏறியதும் சாலையின் குணம் மாறத் தொடங்கும். மதுராந்தகம் ஏரி, மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம் என்று வரிசையாகக் கடந்து திண்டிவனம் வரும்போது புதுச்சேரி, திருவண்ணாமலை வண்டிகள் பிரிந்துவிடும். விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர்க்காரர்கள் பிரிவார்கள். உளுந்தூர்பேட்டையில் சேலம், கோவைக்காரர்கள். அதன் பிறகு மிச்சமிருப்பவர்கள் எல்லாம் நம் ஆட்கள். எனவே உளுந்தூர்பேட்டையை எத்தனை மணிக்குத் தாண்டுகிறோம் என்பதுதான் என் முதல் கணக்கு. காலை ஏழுக்குள் தாண்டிவிட்டால் மனம் லேசாகிவிடும்.

தை மாதத்தில் ஒரு எச்சரிக்கை. மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடையில் பக்தர்கள் திரண்டு வருவார்கள். அங்கே பகலில் வேகம் எடுக்கவே முடியாது. தெற்கே போனால் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டிலேயே சாலையோரமாக நடப்பார்கள். முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டியிருப்பவர்கள் சிலர்தான். துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி பக்கத்திலும், சாத்தூருக்குத் தெற்கிலும் விடியும்வரை வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

சுங்கக் கட்டணத்துக்கு வருவோம். என் வழியில் ஒரு பக்கத்துக்கு 11 தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள்: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி, கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர். போய்வர 22. தமிழ்நாட்டில் ஒரு பகுதிச் சாவடிகளில் ஏப்ரல் 1-லும், மற்றவற்றில் செப்டம்பர் 1-லும் கட்டணம் மாறுகிறது. அதனால் பொங்கலுக்குப் போட்ட கணக்கு தீபாவளிக்கு உதவாது. 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஆண்டு பாஸ் வந்தது. அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய். ஓர் ஆண்டு அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. ஒரு சாவடியை ஒருமுறை கடந்தால் ஒன்று கழியும். நெல்லைக்குப் போய்வந்தால் 22 கழியும், ஆக ஒன்பது முறை போய்வரலாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை இந்த வழியில் போய்வரும் குடும்பத்துக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, வாங்கிவிடலாம்.

ஆனால் ஒன்று. இந்தப் பாஸ் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சுற்றிப் போகலாம் என்று நினைத்தால் உத்தண்டியில் உள்ள மாநிலச் சாலைச் சாவடியில் ஃபாஸ்டேக் இருப்பிலிருந்துதான் பணம் போகும். பாஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் இருப்பைக் காலியாக வைக்கக் கூடாது. ஃபாஸ்டேக் செல்லவில்லை என்றால் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யு.பி.ஐ. மூலம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்ற விதி 2025 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது.

விழுப்புரத்திலிருந்து பெரம்பலூர் வரையிலான பகுதிதான் கவனத்தை மிக அதிகமாகக் கேட்கும் இடம். நால்வழிச் சாலை என்று பெயர், ஆனால் ஊருக்கு ஊர் கூட்டுரோடு. நடுத்திட்டில் அரளி ஆளுயரத்துக்கு வளர்ந்திருக்கும். எதிர்ப்பக்கத்து வண்டிகளின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் அது காப்பாற்றுகிறது. அதே அரளிதான் இடைவெளியில் நுழையக் காத்திருக்கும் மோட்டார் சைக்கிளையும் மறைக்கிறது. முன்சக்கரம் வெளியே வந்த பிறகுதான் ஆள் இருப்பதே தெரியும். அரவைப் பருவத்தில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் போகும். பெரம்பலூர் பக்கம் மக்காச்சோள அறுவடை முடிந்தால் அணுகுசாலையே களமாகிவிடும். தார்ப்பாய் பறக்காமல் இருக்கச் சுற்றிலும் கல் வைப்பார்கள். சோளத்தை அள்ளிய பிறகு கல்லை அள்ளுவதில்லை. இருட்டில் தேநீர் குடிக்க அணுகுசாலைக்கு இறங்குகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுரோடுகளில் மேம்பால வேலைகளும் நடந்தபடியே இருக்கின்றன. ஒரு இடத்தில் முடிந்தால் இன்னொரு இடத்தில் மாற்றுப்பாதைப் பலகை முளைத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் புறப்படுவதாக இருந்தால் முந்தைய நாள் செய்தியைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணையாற்று வெள்ளம் அரசூர் அருகே இந்த நெடுஞ்சாலையின் மேலேயே ஓடியது. சென்னை – திருச்சி போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றது. அப்படிப்பட்ட நாளில் எந்தக் குறுக்குவழியும் உதவாது.

திருச்சியை ஒன்பது மணிக்குள் கடக்க வேண்டும். புறவழிச்சாலை என்று சொன்னாலும் சஞ்சீவி நகர், பால்பண்ணை சந்திப்புகளில் ஊர் நெரிசல் முழுவதும் நம்மோடு கலந்துவிடும். கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது வலப்பக்கம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரியும். பின் இருக்கையில் தூங்குகிறவர்கள் அந்த இடத்தில் தானாகவே விழித்துக்கொள்வார்கள், எப்படி என்று தெரியவில்லை.

சாப்பாடு விஷயத்தில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. ஆம்னி பஸ்கள் வரிசையாக நிற்கும் பெரிய உணவகங்களில் நிறுத்த மாட்டேன். அங்கே கூட்டம் நம்மைத் தேடி வருவதில்லை, பஸ் கொண்டுவந்து இறக்குகிறது. அதனால் தோசை எப்படி இருந்தாலும் விற்றுவிடும். செங்கல்பட்டிலிருந்தே தொடங்கிவிடும் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகளைப் பற்றி என்ன சொல்வது! பித்தளை டபரா பளபளக்கும், காபி சுமார். நெடுஞ்சாலையை விட்டு ஒரு கிலோமீட்டர் ஊருக்குள் போனால், பெரம்பலூரோ மேலூரோ, வீட்டு ருசியில் பாதி விலைக்கு இட்லியும் பொங்கலும் கிடைக்கும். பதினைந்து நிமிடம் கூடுதலாகும், போகட்டும்.

உணவைவிடப் பெரிய பிரச்சினை கழிவறை. ஆண்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் இது ஏன் வருவதில்லை என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்வி. பெட்ரோல் பங்குகளில் கழிவறை இருக்கும், பூட்டியிருக்கும். சாவி கேட்டால் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். ஒருமுறை திண்டிவனம் தாண்டி ஒரு பங்கில் டீசல் போட்ட ரசீதைக் காட்டிய பிறகுதான் திறந்துவிட்டார்கள், உள்ளே தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகு, சுத்தமாக இருந்த இடங்களை அவளே கைப்பேசி வரைபடத்தில் குறித்து வைக்கத் தொடங்கினாள். எங்கள் நிறுத்தங்களை இப்போது தீர்மானிப்பது அந்தப் பட்டியல்தான். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் கட்டாயம்.

விராலிமலையிலிருந்து தெற்கே வண்டி ஓட்டுவதே சுகம். மேலூர் தாண்டி யானைமலை தெரிந்தால் மதுரை வந்துவிட்டது. ஊருக்குள் நுழையாமல் சுற்றுச்சாலையில் கப்பலூருக்குப் போய், அங்கிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு. கரிசல் காட்டில் பார்வைக்கு எட்டியவரை தடையே இல்லை. சாத்தூரில் சேவு, கோவில்பட்டியில் கடலை மிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு நெடுஞ்சாலையோரக் கடைகள் எல்லாமே 'கோவில்பட்டி' ஆகிவிட்டன. உண்மையானது வேண்டுமென்றால் ஊருக்குள் போய்த்தான் வாங்க வேண்டும்.

ஆனி, ஆடியில் கயத்தாறு பக்கம் மேற்கிலிருந்து காற்று பிடித்துத் தள்ளும். காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? சென்னைக்குத் திரும்பும் வழியில் பெரிய லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று இருக்காது, முன்னால் வந்தவுடன் ஒரே அடியாக அடிக்கும். ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பிடித்திருந்தால் பயமில்லை. நால்வழிச் சாலையில் கார்களுக்கு மத்திய அரசு வைத்த உச்சவரம்பு மணிக்கு 100. நான் 90-ஐத் தாண்டுவதில்லை. 625 கிலோமீட்டருக்கும் 100-லேயே போக முடிந்தால்கூட மிச்சமாவது முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு.

புறப்படும் முன் எல்லோரும் எண்ணெயும் தண்ணீரும் பார்க்கிறார்கள், டயரின் வயதைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும், ஐந்தாறு ஆண்டு தாண்டிய டயரோடு சித்திரை வெயிலில் மதுரைக்குத் தெற்கே நான் போக மாட்டேன். காற்றை டயர் சூடாகும் முன்பே, வீட்டுப் பக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். வழியில் வண்டி நின்றுவிட்டால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

திரும்பும் பயணத்துக்கும் இதே விதிதான், இன்னும் கண்டிப்பாக. விடுமுறை முடியும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் திண்டிவனத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருக்கவே கூடாது. நெல்லையில் விடியும் முன்பே கிளம்பினால் பிற்பகல் மூன்றுக்குள் செங்கல்பட்டைத் தாண்டிவிடலாம். முடியாவிட்டால் திருச்சியில் தங்கிவிட்டுத் திங்கள் விடிகாலையில் புறப்படுங்கள். ஆனால் அன்று எல்லா ஆம்னி பஸ்களும் உங்களோடுதான் சென்னைக்குள் நுழையும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

தனியாளாகவோ, இருவராகவோ போவதென்றால் நான் காரை எடுப்பதே இல்லை. 2023 செப்டம்பரில் வந்தே பாரத் வந்த பிறகு எழும்பூரிலிருந்து நெல்லைக்கு எட்டு மணி நேரத்துக்குள் போய்விட முடிகிறது. டீசல் மட்டுமே 35 லிட்டர் குடிக்கும் காரோடு ஒப்பிட்டால் டிக்கெட் விலை பெரிதாகத் தெரியாது. நான்கைந்து பேர் சேர்ந்து போகும்போதும், ஊரிலிருந்து அரிசி மூட்டையும் தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கும்போதும்தான் கார் வெளியே வருகிறது.