வெளி மானிட்டரில் இணைத்த லேப்டாப்பை மூடி வைத்து மானிட்டர் மட்டுமா, திறந்து வைத்து இரண்டு திரையா?

மேசை இடம்
மூடினால்: செங்குத்து ஸ்டாண்டில் நிறுத்திவிடலாம்.
திறந்தால்: பாதி மேசை அதற்கே போகும்.

செலவு
மூடினால்: தனி கீபோர்டு, மவுஸ், வீடியோ காலுக்கு வெப்கேம், மைக். கைரேகை சென்சாரும் கைக்கு எட்டாது.
திறந்தால்: மானிட்டரும் கேபிளும் போதும். டைப்-சி கேபிள் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்; சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் படம் வராது.

சூடு
மூடினால்: கீல் பக்கம் வெப்பக் காற்று வெளியேறும் மாடல்களில் அந்தக் காற்று திரையின் அடிப்பகுதியில் மோதும், ஃபேன் ஓயாது. கேமிங் லேப்டாப்பை மூடி வைத்து ஓட்டவே வேண்டாம்.
திறந்தால்: இந்தத் தொல்லை குறைவு.

அமைப்பு
திறந்தால் பெரும்பாலும் செருகியதும் வேலை முடிந்தது. மூடுவதற்கு விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில் ‘டூ நத்திங்’ வையுங்கள், ‘ப்ளக்டு இன்’ பத்தியில் மட்டும். பேட்டரிக்கும் அதையே வைத்தால், பைக்குள் போன பிறகும் லேப்டாப் ஓடிக்கொண்டே கொதிக்கும். கிளம்பும் முன் ஷட் டவுன் செய்வதே பத்திரம். மேக்புக்கில் சார்ஜர், கீபோர்டு, மவுஸ் மூன்றும் இணைந்திருந்தால் போதும்.

எம்3 சிப் உள்ள மேக்புக் ஏர் வைத்திருப்பவர்களுக்கு மூடுவதில் தனி லாபம்: திறந்திருந்தால் ஒரு வெளி மானிட்டர்தான், மூடினால் இரண்டு.

நாள் முழுக்க மீட்டிங் என்றால் திறந்தே வையுங்கள். ஒரே பெரிய திரையில் எழுத்து, கணக்கு வேலை என்றால் மூடுவதே கழுத்துக்கு நல்லது.