கணிதமும் புள்ளியியலும்: ஒரே துறையா, தனித்தனியா?

ஓர் எண்ணை எடுங்கள். அதன் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை எதை எடுத்தாலும் பகா எண்தான் வரும். 40-ல் வருவது 1681, அதாவது 41 × 41. கதை முடிந்தது! முந்தைய நாற்பது வெற்றிகளும் கணிதப் பேராசிரியருக்குப் பொருட்டே இல்லை, 'நிரூபணம் எங்கே?' என்பார். புள்ளியியல்காரர் நாற்பதுக்கு நாற்பது என்றால் காது கொடுப்பார். ஆனால் அந்த நாற்பதை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று குடைந்தெடுப்பார்.

சந்தேகப்படும் விதமே வேறான இந்த இருவரையும் பல்கலைக்கழகத்தில் ஒரே துறை என்ற கூரையின்கீழ் வைப்பதா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 1911-லேயே கார்ல் பியர்சன் தலைமையில் புள்ளியியலுக்குத் தனித்துறை வந்துவிட்டது.

தனித்துறையின் பெரிய லாபம் மதிப்பீட்டில்தான். மருத்துவரோடு உட்கார்ந்து ஒரு சோதனையை வடிவமைத்துக் கொடுப்பது அங்கே முழு ஆய்வாகவே எண்ணப்படும். கூட்டுத்துறையில் தேற்றம் எழுதியவருக்குத்தான் பெரும்பாலும் மவுசு. வாய்விட்டு யாரும் சொல்லமாட்டார்கள். பதவி உயர்வுப் பட்டியலைப் பார்த்தால் புரியும்.

மாணவர் பக்கமிருந்து பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. காலையில் அணிகளின் (எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய கட்டங்களின்) ஐகன் மதிப்பை, அதாவது ஓர் அணி தன் சிறப்புத் திசைகளில் எவ்வளவு நீட்டுகிறது அல்லது சுருக்குகிறது என்று சொல்லும் எண்ணைப் படித்தவர், மாலையில் அதே மதிப்புகளை வைத்து நூறு மாறிகள் கொண்ட தரவை இரண்டு மூன்றாகச் சுருக்குகிறார். துறை பிரிந்தால் இந்தத் தொடர்ச்சி கால அட்டவணையிலேயே அறுந்துபோகும்.

இளங்கலைவரை சேர்ந்தே இருக்கட்டும் என்பேன். ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் மட்டும் தனித்தனிக் குழு வேண்டும்.