சிகிச்சை மையத்துக்கும் வீட்டுக்கும் இடையே: சேலத்தில் ஓர் இடைநிலை இல்லத்தில் தங்கிய அனுபவம்

குடிநோய்க்கு மறுவாழ்வு மையத்தில் தங்கிச் சிகிச்சை முடித்தவர்கள், நேரே வீட்டுக்குப் போகாமல் சில மாதங்கள் சேர்ந்து வாழும் இடத்தை இடைநிலை இல்லம் என்கிறார்கள். சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் அப்படியொரு வாடகை வீட்டில் அரை ஆண்டுக்கு மேல் தங்கியிருந்தேன். வெளியே வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன, இதுவரை குடிக்கவில்லை. அந்த வீட்டில் எது கைகொடுத்தது, எது குறையாக இருந்தது என்பதைச் சேர நினைப்பவர்களுக்காகவும் அவர்களுடைய குடும்பத்தாருக்காகவும் எழுதுகிறேன்.

சிகிச்சை மையத்தின் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் கைநடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் அந்த நாட்களைக் கடக்க முயல்வது உயிருக்கே ஆபத்து. ஆனால் மையத்தில் பூட்டிய கதவு இருந்தது, கையில் பணம் இல்லை, கைப்பேசி இல்லை. குடிக்காமல் இருப்பதற்கு அங்கே நான் எதையும் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. தூக்கக் கெடுதலும் காரணமில்லாத எரிச்சலும் மாதக்கணக்கில் தொடரும் நிலையில், அப்படியே வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பல குடும்பங்கள் பட்டு அறிந்திருக்கின்றன.

இல்லத்தின் ஏற்பாடு எளிமையானது. காலையில் அவரவர் வேலைக்குப் போக வேண்டும்; வேலை இல்லாதவர் தேடிப் போக வேண்டும். இரவு எட்டு மணிக்குள் திரும்பி, வாசலிலேயே மூச்சுச் சோதனைக் கருவியில் ஊத வேண்டும். சமையல், பாத்திரம், கழிவறை எல்லாம் முறை வைத்து நாங்களே பார்த்துக்கொண்டோம். குடியை நிறுத்த விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு வாரத்தில் சில மாலைகள் போவது கட்டாயம்.

இவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்டது சனிக்கிழமை ஏற்பாடுதான். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை மாலை கூலி கைக்கு வந்ததும் நான்கைந்து பேராகச் சேர்ந்து மதுக்கடைக்குப் போவது எங்கள் பல ஆண்டுப் பழக்கம். இல்லத்தில் சேர்ந்த பிறகு, எனக்கு முன்பே அங்கு வந்து தேறியிருந்த அண்ணன் ஒருவர் சனிக்கிழமைதோறும் பட்டறை வாசலில் வந்து நிற்பார். அறிவுரை எதுவும் சொல்ல மாட்டார். "முதல்ல சாப்பிடு தம்பி" என்று தள்ளுவண்டிக்கு அழைத்துப் போவார். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் செட்டை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு முடிப்பதற்குள், கடைப் பக்கம் இழுத்த வேகம் பாதியாகிவிடும். பசி, கோபம், தனிமை, அசதி ஆகிய நான்கும் குடிக்குத் தூண்டும் என்று மையத்தில் கவுன்சிலர் பாடமாகச் சொன்னதை, அந்த வண்டி ஓரத்தில்தான் உடம்பால் புரிந்துகொண்டேன். இல்லம் திரும்பியதும் கூலியை வார்டனிடம் கொடுத்து, நோட்டில் எழுதிக் கையெழுத்திடுவேன். டீக்கும் பஸ்ஸுக்கும் ஆகும் தொகை மட்டும் கையில் இருக்கும்.

ஏற்காட்டில் அமைதியாக ஒரு இடம் கிடைத்தால் நல்லது என்று சில குடும்பங்கள் நினைக்கின்றன. சிகிச்சைக் காலத்துக்கு அது பொருந்தலாம். இந்தக் கட்டத்துக்குப் பொருந்தாது என்பதே என் முடிவு. ராஜாஜி 1937இல் சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது இதே சேலம் மாவட்டத்தில்தான்; இன்றைக்கோ பகல் பன்னிரண்டு மணி முதல் இரவு பத்து மணிவரை கடை திறந்திருக்கும் ஊர் இது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவும் உறவினர் கல்யாணமும் பழைய கூட்டாளிகளும் இருக்கும் இந்த ஊரிலேயே, மாலையில் திரும்பிச் செல்ல ஒரு வீட்டை வைத்துக்கொண்டு வாழப் பழகியதுதான் எனக்கு நிலைத்தது.

அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய ஆக்ஸ்போர்டு ஹவுஸ் என்ற இதே வகை இல்லங்களில் வார்டனே கிடையாது. தங்கியிருப்பவர்களே வாடகையைப் பகிர்ந்து, வாக்களித்து நிர்வகிக்கிறார்கள். அங்கே இல்லினாய் மாநிலத்தில் சிகிச்சை முடித்த 150 பேரை இரண்டாண்டுகள் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இல்லங்களுக்கு அனுப்பப்பட்டவர்களில் சுமார் 31 விழுக்காட்டினரும், வழக்கமான பின்கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் சுமார் 65 விழுக்காட்டினரும் மீண்டும் போதையை நாடியிருந்தனர். எங்கள் இல்லத்திலும் மளிகைக் கணக்கை எங்களிடம் விட்ட பிறகுதான் பலருக்குப் பொறுப்பு வந்தது. அதற்கு மேல் எதையும் எங்களிடம் விடாதது பெருங்குறை.

இன்னொரு குறையை நான் எளிதில் மன்னிக்க மாட்டேன். குடித்துவிட்டு வந்த ஒருவரை இரவோடு இரவாகப் பையுடன் வெளியேற்றினார்கள். மற்றவர்களைக் காக்க அவர் போகத்தான் வேண்டும் என்ற விதி நியாயமானது. ஆனால் அரசு மருத்துவமனைக்கோ வீட்டாரிடமோ ஒப்படைக்காமல் தெருவில் விடுவது நியாயமாகாது. சேரும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

மாத்திரை விஷயத்தில் இல்லத்தின் மருத்துவர் உறுதியாக இருந்தார். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்பிரம் மாத்திரையைச் சோற்றில் கலந்து கொடுக்கலாமா என்று ஓர் அம்மா கேட்டபோது, தெரியாமல் உட்கொண்டவர் குடித்தால் இரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகக்கூடும் என்று விளக்கி மறுத்துவிட்டார். மனநல மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் இல்லங்களில் சேராதீர்கள்.

வெளியேறுவதும் படிப்படியாக நடந்தது: முதலில் ஞாயிறு மட்டும் வீடு, பிறகு வார இறுதி, அதன் பின் முழுமையாக. கூலியை நோட்டில் எழுதும் பழக்கத்தை என் மனைவி வீட்டிலும் தொடர்ந்தார். எனக்கு அது அவமானமாகத் தோன்றவில்லை. வேலைக்குப் போகும் உடல்நிலையில் உள்ளவருக்கே இந்த ஏற்பாடு பொருந்தும். குழப்பமோ நடுக்கமோ மிச்சமிருப்பவர் முதலில் மருத்துவமனைக்கே போக வேண்டும். எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணை அழைக்கலாம்.