எம்1916 தோலுறையின் நகல்: தையல் நேர்த்தி, தோல் முரடு

அமெரிக்கப் படையினர் இரண்டு உலகப் போர்களிலும் கோல்ட் எம்1911 கைத்துப்பாக்கியை இடுப்பில் தாங்கிய எம்1916 தோலுறையின் நகல் ஒன்றை அண்மையில் வாங்கினேன். தையல் நெருக்கமாகவும் நேராகவும் ஓடுகிறது. மூடியில் அழுத்திப் பதித்த 'யு.எஸ்.' எழுத்துகளும், பித்தளைக் குமிழும், இடுப்புப் பட்டையின் கண்களில் மாட்டும் கம்பிக் கொக்கியும் மனநிறைவு தருகின்றன. ஆனால் தோல் பலகையாக விறைத்திருந்தது. மாதிரித் துப்பாக்கி பாதியிலேயே நின்றுவிட, மூடியின் துளை குமிழை எட்டவே இல்லை.

மாதிரியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி உள்ளே அழுத்தி, ஓரிரவு அப்படியே விட்டதில் உறையின் வாய் விரிந்துகொடுத்தது. பிறகு, மாட்டுக் கால்களிலிருந்து எடுக்கப்படும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயைத் துணியில் தொட்டு, மூடி மடியும் இடத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசி, ஒரு நாள் ஊறவிட்டு, கட்டைவிரலால் நீவி நீவி மடித்தேன்; முதலில் வெளிறிய கோடுகள் விழுந்த அந்த மடிப்பு, மூன்றாம் நாள் சத்தமின்றி வளைந்தது. எண்ணெய் மிகுந்தால் தோல் கருத்துத் துவண்டுவிடும். நெருப்பில் காட்டினால் சுருங்கி வெடிக்கும். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், பழகிய பின்பும் துப்பாக்கியை உறைக்குள்ளேயே நெடுநாள் வைத்திருக்கக் கூடாது. இவற்றைச் சொல்லும் ஒரு துண்டுச்சீட்டையாவது விற்பவர் பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.