"ஒரே ஊசியில் படர்தாமரை போகும்" என்று வருபவரை நம்பாதீர்கள்

மாட்டுக்கு வரும் படர்தாமரையை ஒரே ஊசியில் போக்குவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் பண்ணை பண்ணையாகப் போய்க்கொண்டிருக்கிறார். எங்களிடமும் வந்தார். பணம் போனது ஒருபுறம். கன்றுகளோடு நின்றிருக்க வேண்டிய நோய் கறவை மாடுகளுக்கும், பால் கறக்கும் என் தம்பியின் கைக்கும் பரவியதுதான் பெரிய கஷ்டம். நாலைந்து மாடு வைத்துப் பிழைப்பவர்களைத்தான் இவர் தேடிப் போகிறார் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் கன்றுகளுக்குத்தான் வந்தது. கண்ணைச் சுற்றியும் காதோரமும் முடி கொட்டி, காய்ந்த சுண்ணாம்பை அப்பியதுபோல் சாம்பல் வெள்ளையில் பொருக்கு கட்டியிருந்தது. ஓரத்து முடியைப் பிடித்தால் வலிக்காமல் கையோடு வந்தது. பொருக்கு பெயர்ந்த இடத்தில் தோல் சிவந்து ஈரமாக இருந்தது. மற்றபடி கன்றுகள் நன்றாகத் தின்றன, துள்ளின.

வந்தவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கையில் ஒரு நீல விளக்கு. தொழுவத்தை இருட்டாக்கச் சொல்லி, விளக்கைப் புண்ணில் அடித்தார். "பாத்தீங்களாண்ணே, பச்சையா மின்னவே இல்ல. அப்ப இது பூஞ்சை கிடையாது, தோலுக்கு அடியில இருக்கிற புழு. எல்லா மாட்டுக்கும் ஒரு ஊசி போட்டா போதும், கேரண்டி" என்றார். பிறகு தெரிந்துகொண்டோம்: அந்த விளக்குக்குப் பச்சையாக மின்னுவது பெரும்பாலும் பூனை, நாய்களிடம் வரும் வேறொரு பூஞ்சை. மாட்டில் வழக்கமாக வரும் டிரைக்கோஃபைட்டன் வெருக்கோசம் என்ற பூஞ்சை அந்த வெளிச்சத்தில் மின்னாது. மின்னவில்லை என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஊசி மருந்துக் குப்பிகளில் லேபிள் சுரண்டப்பட்டிருந்தது. பெயர் கேட்டதற்கு, "எங்க சொந்தத் தயாரிப்புண்ணே, வெளிய கிடைக்காது" என்றார். கறவை மாட்டுக்குப் போடலாமா என்று அப்பா கேட்டார். "தாராளமா, அடுத்த வேளைப் பாலையே விக்கலாம்" என்று பதில் வந்தது. மேலே தடவ ஒரு டப்பாவில் களிம்பும், அப்புறம் கொடுக்க ஒரு பட்டை மாத்திரையும் தந்துவிட்டுப் போனார். பில் கிடையாது.

களிம்பு தடவியதும் சிவப்பு மங்கியது, நாங்களும் நிம்மதியானோம். கொஞ்ச நாளில் வட்டங்கள் முன்னைவிட அகலமாகி, கழுத்துக்கும் தாடைக்கும் இறங்கின. போன் செய்தால், "முதல் ஊசி நோயை வெளிய தள்ளுது, ரெண்டாவது போட்டாத்தான் அடங்கும். இது வெளிநாட்டுல போடுற தடுப்பூசி" என்றார். படர்தாமரைக்குத் தடுப்பூசி இருப்பது உண்மைதான். நார்வேயில் பல ஆண்டுகள் விடாமல் போட்டு நோயைப் பெருமளவு ஒழித்திருக்கிறார்கள். ஆனால் இவர் போட்டது அதுவல்ல. அந்தப் பேச்சுக்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

முறையாகப் படித்த கால்நடை மருத்துவர் வந்து, வட்டத்தின் ஓரத்து முடியைப் பிடுங்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். முடியைச் சுற்றிப் பூஞ்சை வித்துகள் அப்பியிருந்தன. சரியாகச் சுரண்டப்படாத ஒரு குப்பியில் ஐவர்மெக்டின் என்ற பெயரின் பாதி தெரிந்தது. அது வயிற்றுப் புழுவுக்கும் சொறிப் பூச்சிக்குமான மருந்து, பூஞ்சையை ஒன்றும் செய்யாது. ஊசியாகப் போட்டால் பாலில் வெகுநாள் தங்கும் என்பதால், மனிதர் குடிக்கப் பால் கறக்கும் மாட்டுக்குப் பல நாடுகளில் அதற்கு அனுமதியே இல்லை. டாக்டர் சொன்ன காலம் முழுக்கப் பாலைக் கீழே ஊற்றினோம். களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று அவர் சந்தேகப்பட்டார். ஸ்டீராய்டு சிவப்பை மட்டும் மறைக்கும், அடியில் பூஞ்சை தாராளமாக வளரும்.

இந்த ஆளின் வியாபாரம் ஓடுவதற்குக் காரணம் படர்தாமரையின் குணம்தான். ஒன்றுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலான மாடுகளுக்கு 2 முதல் 4 மாதத்தில் அதுவாகவே ஆறிவிடும். ஆறிய மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதால் மறுபடி வருவதும் அபூர்வம். ஆறும் தறுவாயில் ஊசி போட்டவர்கள் ஊசியால்தான் போனது என்று மனதார நம்புகிறார்கள். அவர் கொடுத்த எண்களில் விசாரித்தபோது எங்களிடம் நல்லபடியாகச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அதனால் "நாலு பேரைக் கேட்டுப் பார்த்தோம்" என்பது இந்த நோய்க்குப் போதாது.

தானே ஆறும் நோய்க்கு வைத்தியம் எதற்கு என்றால், பரவாமல் தடுக்கத்தான். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு, பொருக்கைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லத் தேய்த்து எடுத்தார். உதிர்ந்ததை ஒன்றுவிடாமல் பொறுக்கி எரிக்கச் சொன்னார். பிறகு எனில்கோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தின் 0.2% கரைசலால் 3 நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பக் கழுவினோம், புண் இல்லாத மாடுகளையும் சேர்த்து. அது கிடைக்காத இடங்களில் அயோடினோ சுண்ணாம்பு-கந்தகக் கரைசலோ தடவுவார்களாம். எதுவானாலும் அளவையும், பால் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உதிர்ந்த பொருக்கில் உள்ள வித்துகள் மரத்திலும் கயிற்றிலும் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். கட்டுத்தறி, தீவனத் தொட்டி, பிரஷ், கழுத்துக் கயிறு எல்லாவற்றையும் அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் பிளீச்சிங் கரைசல் போட வேண்டும், சாணி இருந்தால் அது வேலை செய்யாது. கன்றுகளை நெருக்கிக் கட்டாமல் வெயில் படும் இடத்துக்கு மாற்றினோம். ஊசி போட வந்தவர் தொழுவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கையைக் கழுவுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. தம்பியின் முழங்கையின் உட்புறம், கறக்கும்போது மாட்டின் மேல் உரசும் இடத்தில், ஓரம் தடித்துச் சிவந்த வட்டம் வந்தது. தோல் மருத்துவரிடம் காட்டி இப்போது ஆறி வருகிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நோயுள்ள கன்றைக் கட்டிப்பிடித்து விளையாட விடாதீர்கள், தலையில் வந்தால் சீழ் வைத்து முடி கொட்டும்.

அவர் கொடுத்த மாத்திரை கிரிசியோஃபல்வின் என்ற பூஞ்சை மருந்து. பல நாடுகளில் பால், இறைச்சிக்கான கால்நடைகளுக்கு அதைக் கொடுக்க அனுமதி இல்லை, வயிற்றில் வளரும் கன்றுக்கு ஊனம் வரவும் கூடும். எங்கள் சினைக் கிடாரிக்கும் கொடுக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். நல்லவேளை, பட்டையைப் பிரிக்கும் முன்பே டாக்டர் வந்துவிட்டார். இதே ஆள் உங்களிடமும் வந்திருந்தால் மிச்ச மாத்திரையை எந்த மாட்டுக்கும் கொடுக்காதீர்கள். காலிக் குப்பியைக் கழுவாமல், தூக்கிப் போடாமல் எடுத்து வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், பாலை விற்கலாமா, கீழே ஊற்ற வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும்.